ஊசி குத்தாத ரத்தம்

முதல் கறை ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்றின் இடது மணிக்கட்டில், பொத்தானுக்குப் பக்கத்தில், கடுகளவு சிவப்பு. இஸ்திரி மேஜைக்காரர் அதைத் தனியே எடுத்து வைத்தார். மதியத்துக்குள் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மூன்று.

தையல் ஃபாக்டரியில் ரத்தம் என்றால் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: யாருக்கோ விரலில் ஊசி ஏறியிருக்கிறது. சூப்பர்வைசர் முப்பத்திரண்டு பெண்களையும் மெஷினை நிறுத்தி எழுந்து நிற்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கையாகப் புரட்டிப் பார்த்தார். பழைய தழும்புகள் வேண்டிய மட்டும் இருந்தன. புதுக் காயம் ஒன்றுகூட இல்லை. புதன்கிழமை எல்லோருக்கும் ரப்பர் விரலுறை கொடுத்தார்கள். வியாழக்கிழமை நான்கு கறை.

கறை பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பதால் குற்றவாளி பொத்தான் மெஷின்காரிதான் என்று முடிவாயிற்று. அவள் விரலில் கீறல்கூட இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. துணிக் கட்டு தூக்கும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். போகும்போது அவள் அழவில்லை, திட்டவுமில்லை. விரலுறையைக் கழற்றிச் சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கையை நீட்டியவர்களில் கடைசி மேஜைக்காரியும் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. தைத்து முடித்த கோட்டில் அங்கங்கே தொங்கும் நூல் பிசிரை எடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

பிசிர் வெட்டச் சின்னக் கட்டர் ஒன்று உண்டு. எப்போதோ ஒரு கட்டர், மடித்த கோட்டுக்குள் சிக்கிப் பெட்டியோடு கப்பல் ஏறிப் போய்விட்டதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டருக்கும் ஒரு நம்பர், ஒரு கயிறு. கயிற்றை மேஜையின் வலது ஓரத்தில் கட்டியிருப்பார்கள். அது கோட்டின் வலது பாதி வரைக்கும்தான் எட்டும். கோட்டின் இடது கைக்கு எட்டாது. கோட்டைத் திருப்பிப் போட்டு வெட்டலாம்தான். ஆனால் மணிக்கு நாற்பது கோட்டு என்று சுவரில் எழுதியிருக்கிறது; திருப்பிப் போட்டால் முப்பத்திரண்டுக்கு மேல் வராது. அதனால் வலது பாதியைக் கட்டரால் வெட்டுவாள், இடது பாதியைப் பல்லால் கடிப்பாள். ஒரு கோட்டுக்கு ஆறு கடி. பிசிரெடுக்கும் ஐந்து பேரும் அப்படித்தான், ஆனால் இவள் பல்தான் வேகம், அதனால் கத்திரி. கயிற்றை நீளமாக்கித் தரும்படி வந்த முதல் மாதமே கேட்டாள். "ரூல்ஸ்ல எழுதியிருக்கிற நீளம்மா அது" என்றார் அப்போதிருந்த சூப்பர்வைசர். இப்போதிருப்பவரும் அதையே சொன்னார். அந்த ரூல்ஸை இரண்டு பேரும் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கத்திரி ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டுக் கீழே வைத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் கோட்டு மடிப்பவள். வாய் ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வானொலி நிற்பது அபூர்வம் என்பதால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய் கத்திரி, வெள்ளரிக்காய்க்கு எதுக்குடி சிவப்பு மை?"

கத்திரி பார்த்தாள். கடித்த இடத்தில் வரிசையாகப் பல் தடம், தடத்தின் ஓரத்தில் சிவப்பு.

"அதுவா, எப்பவும் வர்றதுதான். சூடு."

"எப்பவும்னா?"

"அஞ்சாறு வருஷமா."

"அஞ்சாறு வருஷமா உனக்கு வாயில ரத்தம் வருது, நாங்க இங்க விரலை விரலைப் பாத்துட்டு இருக்கோம். கறையெல்லாம் எந்தக் கையில இருக்குன்னு பாத்தியா? எல்லாம் இடது கை. நீ கடிக்கிற கை."

கத்திரி வெள்ளரிக்காயைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

அவளை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து வருடமாகத் தன் வாயில் ரத்தம் வருவது அவளுக்குத் தெரியும். அதற்கு அவள் சொந்தமாக ஒரு வைத்தியமும் செய்துகொண்டிருந்தாள்: பிரஷ் படும்போது ரத்தம் வருகிறது, ஆகவே ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக்கூடாது. கீழ் வரிசை முன்பற்களை இரண்டரை வருடமாகப் பிரஷ் தொடவில்லை. விரலால் ஒரு தடவு தடவி, கொப்பளித்துத் துப்புவாள். ரத்தம் குறைந்தது போலவும் இருந்தது, துணியில் கறை விழும் அளவுக்கு இந்த வாரம் முற்றும்வரை. ஒரு அறையிலிருந்து புகை வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரிதான் இது. ஆனால் அப்படிச் செய்யாதே என்று சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்? உடம்பில் எங்கே ரத்தம் வந்தாலும் பதறுகிறவர்கள், வாயில் வந்தால் மட்டும் 'சூடு' என்கிறார்கள். தலைவலிக்கும் சூடு, கட்டிக்கும் சூடு, ஈறில் ரத்தத்துக்கும் சூடு. அந்த ஒரு சொல் எத்தனை பேரை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

சாப்பாட்டு மணி முடிவதற்குள் அவள் சூப்பர்வைசர் முன் போய் நின்றாள்.

"சார், பொத்தான் மெஷின்காரியை மறுபடி பழைய இடத்துக்கே அனுப்புங்க. அந்தக் கறை என் வாயிலேர்ந்து வந்தது."

"வாய்ல எதுக்கும்மா ஊசியை வச்ச?"

"ஊசி இல்ல சார். ஈறு. நூலைக் கடிக்கிறேன்ல, அப்ப படுது."

அவர் விபத்துப் படிவத்தை எடுத்தார். காயம் ஏற்பட்ட இடம்: விரல், உள்ளங்கை, கண், கால். நான்கு கட்டங்கள். பேனா நான்கின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"வாய்னு இல்லையே. விரல்னு போட்டுக்கிறேன்."

"விரல்ல ஒண்ணும் இல்லையே சார்."

"படிவத்துல இல்லாததை எப்படிம்மா எழுதறது?"

விரல் என்று எழுதி, முதலுதவி அறைக்கு அனுப்பினார். அங்கே நர்ஸ் படிவத்தைப் படித்துவிட்டு விரலைக் காட்டச் சொன்னாள். விஷயத்தைக் கேட்டபின் ஒரு பட்டை வைட்டமின் மாத்திரை கொடுத்து, கம்பெனி மருத்துவ அட்டையில் பல் வராது என்றும் சொன்னாள். கண் வரும், காது வரும், குடல் வரும். பல் மட்டும் 'அழகு சார்ந்தது' என்ற பட்டியலில் இருக்கிறது, மூக்கைத் திருத்திக்கொள்வதோடும் முடி நடுவதோடும். சோற்றை மெல்லுவது அழகுக்காக என்று கண்டுபிடித்த மேதை எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியவில்லை. அவருக்குப் பல் நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பொத்தான் மெஷின்காரி திரும்பி வந்தாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கத்திரி மட்டும் கேட்டாள். "விடுங்கக்கா, முதல்ல உங்க வாயைப் பாருங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை சாயங்காலம் கத்திரி கண்ணாடி முன் நின்று, கீழ் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பல வருடத்துக்குப் பிறகு தன் பல்லைச் சரியாகப் பார்த்தாள். ஈறு ஊதா கலந்த சிவப்பில் பளபளத்தது. பல்லின் அடியில் பழுப்பாக, பாத்திரத்தில் உப்புத்தண்ணீர் படிந்த மாதிரி ஒரு படிவு. நடுவில் இருந்த பல்லை நாக்கால் தள்ளினாள். அசைந்தது. பக்கத்துப் பல்லும் அசைந்தது.

அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம் போனாள். அவர்கள் குடும்பத்தில் பல் விஷயத்தில் அக்கா சொல்வதே தீர்ப்பு. காரணம், அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. ஐம்பதாவது வயதில், பல்செட்டோடு, அனுபவசாலியாக உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்த? நம்ம வம்சத்துல பல்லுல பூச்சி விழுந்ததே இல்லடி. எனக்கு விழுந்த அத்தனை பல்லும் முத்து மாதிரி. டாக்டரே சொன்னார், இவ்வளவு நல்ல பல்லை நான் பிடுங்கினதே இல்லம்மான்னு."

"நல்ல பல்லு ஏன்க்கா விழணும்?"

"நம்ம வாகு அப்படி. அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, க்ளீன் மட்டும் பண்ணிடாதே. சுரண்டி விட்டா இருக்கிற பல்லும் ஆடிப்போகும்."

கத்திரியின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கைபேசியில் ஒருவர் கரித்தூளையும் உப்பையும் கிராம்பையும் கலந்து, ஏழு நாளில் ஆடும் பல் இறுகும் என்று காட்டிக்கொண்டிருந்தார். வீடியோவில் அந்த ஆள் வாயைத் திறந்து காட்டவே இல்லை என்பதைக் கத்திரிதான் கவனித்தாள்.

"ஆடுற பல்லுதானே, பிடுங்கிட்டா போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"லிஃப்ட் ஆடினா பிடுங்கிப் போட்டுடுவீங்களா?"

"லிஃப்டுக்கு மாசா மாசம் சர்வீஸ் பண்றோம், அது எதுக்கு ஆடப் போகுது" என்றவர், தான் சொன்னது தன் காதில் விழுந்த மாதிரி நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை அவரே அவளைப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா முதலில் ஒன்றும் செய்யவில்லை. அளந்தாள். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லாக எண் சொன்னாள். பக்கத்தில் ஒருத்தி எழுதிக்கொண்டாள். மூன்று. நான்கு. ஐந்து. ஐந்து. கீழ் முன்வரிசைக்கு வந்ததும் ஆறு, ஏழு, ஏழு, ஒன்பது.

பிசிரெடுப்பவளுக்கு அளவு என்றால் புரியும். "எத்தனை இருக்கணும் டாக்டர்?"

"மூணு மில்லிமீட்டர் வரைக்கும் சரி. அதுக்கு மேல போனா ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"ஓரம் மடிச்சுத் தைச்சது பிரிஞ்ச மாதிரி."

"அதேதான். பிரிஞ்ச இடத்துல அழுக்கு சேரும், கல்லாகும். பிரஷ் உள்ள போகாது. அடியில எலும்பு கரையும். பல்லுல ஒரு ஓட்டையும் இருக்காது, வலியும் இருக்காது. ஆனா பிடிமானம் போயிடும்."

"எங்க வம்சத்துல எல்லாருக்கும் இப்படித்தானாம்."

"கொஞ்சம் பேருக்கு சீக்கிரம் வரும், உண்மைதான். வம்சம்னா முன்னாடியே வந்து காட்டியிருக்கணும். சும்மா இருக்கிறதுக்கு அது காரணம் இல்ல."

"நூல் கடிக்கிறதால வந்துச்சா?"

"இல்ல. நல்ல ஈறு நூல் பட்டா ரத்தம் விடாது. ஆனா ஆடுற பல்லால நாள் பூரா இழுத்தா இன்னும் ஆடும். இனிமே கடிக்காதீங்க."

எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்க்கரை இருந்தாலும் ஈறு இப்படி ஆகும் என்று ரத்தமும் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. கீழே முன்னால் நாலு பல் ஆபத்தில் இருப்பதாகவும், ஒன்பது சொன்ன பல் நிற்பது கஷ்டம் என்றும், மற்ற மூன்றைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னாள். வாயை நாலு பாகமாக வைத்து, வாரம் ஒரு பாகம், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியிலிருக்கும் கல்லை எடுக்க வேண்டும். நடுவில் விட்டால் விட்ட இடத்தில் மறுபடி சேரும்.

முதல் நாள் கீழ் வரிசையின் வலது பாதி முடிந்தது. மரப்பு விட்டதும் நாக்கால் துழாவிப் பார்த்தாள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நாக்கு நுழைகிற அளவுக்குச் சந்து. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்றது. கல் அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதால் தெரிகிற சந்து அது. கூச்சம் சில வாரத்தில் அடங்கும், சந்து பழகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் அக்காவின் குரல் அதைவிடப் பலமாக இருந்தது.

"சொன்னேன்ல. கேட்டியா? நல்லா இருந்த பல்லைச் சுரண்டி ஓட்டை போட்டு அனுப்பியிருக்காங்க."

இரண்டாவது வாரம் ஏற்றுமதி அவசரம் என்று சூப்பர்வைசர் அரைநாள் அனுமதி தரவில்லை. கத்திரியும் கெஞ்சவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. தானாக விட்டதாக ஆகாது, விடமாட்டேன் என்றார்கள் என்று ஆகிவிடும். பயத்துக்கு இப்படி ஒரு சாக்கு கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதை விடவே மாட்டார்கள். மூன்று பல் போனால்கூடப் பரவாயில்லை.

பத்தாம் நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இப்போது அவள் கடிப்பதில்லை, திருப்பிப் போட்டுத்தான் வெட்டினாள். கணக்கு குறைந்து திட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில், மேஜைக்கடியில் கிடந்த வெள்ளை வெட்டுத்துணி ஒன்றை எடுத்து, விரலில் சுற்றி, கீழ் ஈறின் வலது பக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். துணியைப் பார்த்தாள். வெள்ளை. இன்னொரு துண்டை எடுத்து, இன்னும் டாக்டர் தொடாத இடது பக்கத்தைத் தேய்த்தாள். சிவப்பு.

மறுபடி செய்து பார்த்தாள். வலது வெள்ளை. இடது சிவப்பு. கழிவறைக்குப் போய் மூன்றாவது தடவையும் செய்தாள். ஒரே வாய், ஒரே சோறு, ஒரே வம்சம்.

அன்று சாயங்காலம் இரண்டு துண்டுகளையும் அக்கா முன்னால் விரித்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வெயில் குறைஞ்சிருக்குல்ல, சூடு தணிஞ்சிருக்கும்."

"சூடு ஒரு பக்கமா தணியுமாக்கா?"

அக்கா எழுந்து போய் டிவியைப் போட்டாள்.

மறுநாள் துண்டுகள் சூப்பர்வைசர் மேஜையில் இருந்தன.

"இன்னும் மூணு தடவை போகணும் சார். ஒவ்வொரு தடவையும் அரைநாள்."

"மெடிக்கல் லீவ்னா மெடிக்கல் அட்டையில வரணுமேம்மா. பல்லு வராதே."

"போன தடவை விரல்னு எழுதினீங்கள்ல. அந்த விரல் இன்னும் ஆறல சார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வானொலி அதற்குள் செய்தியைக் கடைசி மெஷின்வரை கொண்டுபோயிருந்தாள். சூப்பர்வைசர் அந்தச் சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து கோட்டு திரும்பி வந்தால் தன் தலை உருளும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடியிருக்கலாம். பெண்ணின் பல்லைவிடக் கோட்டின் மானம் பெரிது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் நியாயம். அன்று அது தவறுதலாக நல்லதைச் செய்தது. மூன்று அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்றிலும் காரணம்: விரல் காயம்.

கூடவே கயிற்றையும் கேட்டாள். இந்தத் தடவை பிசிர் எடுக்கும் மற்ற நாலு பேரும் கேட்டார்கள், ஏனென்றால் கத்திரி கடிப்பதை நிறுத்திய அன்றே அவர்களும் நிறுத்தியிருந்தார்கள், கணக்கு ஐந்து மேஜையிலும் விழுந்திருந்தது. ஸ்டோரிலிருந்து ஒருவர் வந்து ஐந்து கயிற்றிலும் ஒரு முழம் சேர்த்து முடிச்சுப் போட்டார். கால் மணி நேர வேலை. பதினோரு வருடமாக ஐந்து பெண்கள் வாயால் செய்தது இந்த ஒரு முழத்துக்குப் பதிலாகத்தான். இதற்கு யாரைப் பிடித்து உலுக்குவது?

மற்ற மூன்று பாகமும் முடிந்தன. ஒன்பது சொன்ன பல்லை எடுத்துவிட்டார்கள். மிச்ச மூன்றையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து, பின்பக்கம் மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார்கள். பல் சந்தில் விடுகிற குட்டி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, தினம் இரண்டு வேளை, ரத்தம் வந்தாலும் நிறுத்தாமல், அந்த இடத்தில்தான் முக்கியமாக, என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கம்பி, அதே எண்கள். கத்திரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு. மூன்று. மூன்று. நான்கு. கீழ் முன்வரிசை: நான்கு, நான்கு, ஐந்து.

"அஞ்சு இன்னும் இறங்கணும்" என்றாள் டாக்டரம்மா. "எலும்பு திரும்பி வளராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துடணும். வராம விட்டீங்கன்னா இத்தனையும் வீண்."

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். ஜெயித்த மாதிரி நாலு வார்த்தை சொல்லத்தான் போனாள். அக்கா சமையல்கட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். எண்களை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"வாயைத் திற பாப்போம்" என்றாள். ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பி, உதட்டை விலக்கி, வெகுநேரம் பார்த்தாள். மூன்று பற்களையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஆடல."

"ஆடாதுக்கா, கம்பி வச்சிருக்கு."

"அப்ப என் பல்லு?"

கத்திரிக்கு முதலில் புரியவில்லை.

"என் பல்லெல்லாம் நல்ல பல்லுதானே. ஒண்ணுலகூட ஓட்டை இல்ல. நிக்க வச்சிருக்கலாமா?"

"தெரியலக்கா."

"தெரியாத மாதிரி பேசாதே."

"எல்லாத்தையும் முடியாது. பாதி நின்னிருக்கும்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "பத்து வருஷத்துல நாலு டாக்டர்கிட்ட போயிருக்கேன். நாலு பேரும் பிடுங்கினாங்க. ஒருத்தரும் ஏன் ஆடுதுன்னு சொல்லல."

"நீ கேட்டியாக்கா?"

"கேக்கணும்னு தெரிஞ்சாத்தானேடி கேக்க முடியும்."

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஜெயித்த மாதிரி சொல்ல வந்த நாலு வார்த்தையை அன்று கத்திரி வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போனாள்.